சாமி முன்னால் உட்கார்ந்துவிட்ட சேவல்

என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கோழிக்கூண்டின் கடைசித் தடுப்பில், ஒரு காலத்தில் சாக்குப் படுதா ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தீவனச் சாக்குகள் நான்கைப் பிரித்துக் கோணி ஊசியால் நானே தைத்தது. எதற்கு என்று கேட்டவர்களிடம் வெயிலுக்கு என்றேன். மழைக்காலத்தில் கேட்டவர்களிடம் சாரலுக்கு என்றேன். உண்மையில் அது கண்ணுக்குப் போட்ட படுதா. அதற்கு அந்தப் பக்கம் ஆறு வெள்ளைப் பெட்டைகள் இருந்தன. பக்கத்துப் பண்ணையில் குஞ்சாக வாங்கிய பிராய்லர் கோழிகள். வயிறு நிறையப் போட்டால் கொழுத்து உட்கார்ந்துவிடும், முட்டைக்கு வராது என்று அரைத் தீனி வைத்தே வளர்த்தேன். வாசல் பக்கம், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி, முருங்கை மரத்தடியில் பெருவிடை என்கிற நாட்டினச் சேவல் ஒன்றைக் கட்டியிருந்தேன். செந்நிறக் கழுத்து, கறுத்த வால், மிதித்தால் மண் நோகுமோ என்பதுபோல் ஒரு நடை. அப்பனை வாசலில் கட்டிவிட்டு அம்மாக்களைச் சாக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். என் தொழிலே அவ்வளவுதான்.

கருமத்தம்பட்டிப் பக்கம் இருபது வருடத்துக்கும் மேல் தறி ஓட்டினவன் நான். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே வளர்ந்த வாய் இது. படிப்பு பெரிதாக ஏறவில்லை. ஆனால் மனிதர்கள் பேசுவதைக் கேட்பதில் ஒரு பைத்தியம். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிவைத்துக்கொள்வேன். தறிக்கு வேலை குறைந்தபோதுதான் கோழிக்கு வந்தேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கைப்பேசியில் நாலு வீடியோ பார்த்தேன், தீவனக் கடையில் நாலு பேரிடம் வாயைக் கொடுத்தேன். தெர்மாகோல் பெட்டியில் இரண்டு பல்பு மாட்டி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, முட்டைகளுக்குப் பென்சிலால் அடையாளம் போட்டுக் காலையும் மாலையும் புரட்டிவிட்டேன். இருபத்தோராம் நாள் பெட்டிக்குள் முதல் 'கீச்' சத்தம் கேட்டபோது, பிரசவ அறைக்கு வெளியே நின்ற அதே நடுக்கம் எனக்கு வந்தது என்றால் என் வீட்டுக்காரி இன்றைக்கும் சிரிப்பாள்.

அப்பனின் நிறமும் அம்மாவின் சதையுமாகக் குஞ்சுகள் வந்தன. வெள்ளையாக விழுந்தவற்றைச் சத்தமில்லாமல் கறிக்கடைக்கு அனுப்பிவிடுவேன். சிவப்பும் கறுப்பும் கலந்தவற்றை முன்பக்கம் விட்டு வளர்ப்பேன். நாட்டுக்கோழி ஆறு மாதத்தில் எட்டுகிற எடையை இவை மூன்று மாதத்தில் தாண்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்க வருகிறவர்கள் வாசல் சேவலைப் பார்ப்பார்கள், "நாட்டுக்கோழிதானுங்களே?" என்பார்கள். முதல் தடவை கேட்டவரிடம் கலப்பினம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தில் அப்படி ஓர் ஆசை இருந்தது. "பின்னே? சேவலப் பாத்தாத் தெரியலீங்களா?" என்றுவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வாராவாரம் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. கொஞ்ச நாளில் எனக்கே அது பொய் என்பது மறந்துபோனது. 'நாட்டுக்கோழிக்காரர்' என்று தெருவில் பெயர் வந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் இறந்து வெகுநாள். தோட்டங்களில் வெங்காயம் பறிப்பது, களை எடுப்பது, கிடைக்காத நாளில் நூல் சுற்றுவது என்று ஓடி ஓடி ஒரே மகளை வளர்த்தவர். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரையும் கடைசிவரை அவர்தான் வைத்துப் பார்த்தார். என் காலண்டர் தாள்களில் பாதிக்கு மேல் அவர் சொன்னவைதான். என் வாசல் சேவலைப் பார்த்து ஒருநாள், "ஏனுங்க தம்பி, இவுரு நடக்கறதப் பாத்தா நாம மனுக் குடுக்கோணுமாட்டருக்குதுங்களே" என்றார். சித்திரை வெயிலில் வேலை முடிந்து வந்து, "இந்த வெயிலு நம்மூட்டுல சம்பந்தம் பண்ணீருக்குதுங்க, போறதுக்கே மனசில்ல" என்றார். எதைச் சொன்னாலும் முகத்தில் சிரிப்பு வராது. கேட்கிற நாம்தான் சிரித்துவிட்டு, பிறகு யோசித்துக்கொண்டிருப்போம்.

மகளைத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிற்று. மூன்றாவது தடவை அக்கா கருப்பராயனிடம் போய் வேண்டிக்கொண்டார்: பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால், வீட்டில் வளர்த்த நாட்டுச்சேவல் ஒன்று தருகிறேன், பிள்ளையைக் கொண்டுவந்து உன் முன்னால் கிடத்துகிறேன். பிள்ளை பிறந்தது. பேரன். வேண்டுதலுக்கென்று ஒரு சேவலையும் அக்கா குஞ்சிலிருந்து வளர்த்துக்கொண்டிருந்தார். கோயிலுக்கு நாள் குறித்து உறவுக்கெல்லாம் சொல்லி முடித்த நிலையில், நாலு நாளைக்கு முன்னால் தெருநாய் அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

அக்கா என் வாசலுக்கு வந்து நின்றார். "பண்ணைக்கோழி சாமிக்கு ஆகாதுங்க தம்பி. எங்கயோ சந்தையில வாங்குனா என்ன சாதி, என்ன தீனின்னு தெரியாது. உங்க கையில வளந்ததுன்னா என்ற கையில வளந்தாப்பலதான். ஒண்ணு குடுங்க."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அவரிடம் மட்டும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். கட்டியிருந்த அப்பன் சேவலையே அவிழ்த்துக் கொடுத்திருக்கலாம். அது அசல் நாட்டுச்சேவல். ஆனால் அது போனால் வாசலில் காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை. ஐந்து மாதத்துச் சிவப்புச் சேவல் ஒன்றைப் பிடித்து அக்கா கையில் கொடுத்தேன். பார்க்க அப்பனை அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். மடியில் வாங்கியவர் ஒரு கணம் தடுமாறினார். "என்ன தம்பி, கல்லாட்டக் கனக்குது?" என்றார். "தீனி அப்படிங்க அக்கா" என்றேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனார். "சாமிக்குப் போறதுக்குக் காசா?" என்று தடுத்துவிட்டேன். அன்று முழுக்க நான் பெரிய மனிதன் என்ற நினைப்போடு திரிந்தேன். அதை இப்போது நினைக்கையில்தான் உடம்பு கூசுகிறது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாமிக்குக் கொடுக்கிற ஆட்டையோ சேவலையோ எடுத்த எடுப்பில் வெட்டிவிட மாட்டார்கள். சாமி முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உதறித் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். துலுக்காவிட்டால், கொடுக்கிற வீட்டில் ஏதோ குறை என்று அர்த்தம். நாட்டுச்சேவலுக்கு இது ஒரு விஷயமே இல்லை. முதுகில் சில்லென்று தண்ணீர் பட்டதும் சிலிர்த்து, பக்கத்தில் நிற்கிறவர் வேட்டியெல்லாம் நனைகிற மாதிரி உதறும்.

உச்சி வெயில். கருப்பராயன் கோயில் வேப்பமரத்தடியில் முப்பது பேருக்கு மேல் நின்றோம். அக்காவின் நாத்தனார் பவானியிலிருந்து வந்திருந்தார். பேரனுக்கென்று புது ஜமக்காளம் கொண்டுவந்து மரநிழலில் விரித்து, பிள்ளையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சேவலைத் தூக்கிவந்த பெருமையில் நான் முன்வரிசையில் நின்றேன். பூசாரி அதை வாங்கித் தரையில் நிறுத்தினார். அது உட்கார்ந்துவிட்டது.

அதன் நெஞ்சுக் கனத்தைக் கால்கள் தாங்கவில்லை. வெயில் வேறு. அலகைத் திறந்து இளைத்துக்கொண்டு, எதிரே சாமி இருப்பதோ நாங்கள் இருப்பதோ தெரியாமல் கிடந்தது. பூசாரி தண்ணீர் தெளித்தார். அசையவில்லை. மறுபடி தெளித்தார். தண்ணீர் முதுகில் வழிந்து மண்ணில் இறங்கியதுதான் மிச்சம். கூட்டத்தில் ஒரு மாமா, "ஏனுங்க, சேவ விருந்துக்கு வந்தாப்பல சம்மணம் போட்டுருச்சுங்களே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது முறையும் அது அசையாதபோது சிரிப்பு நின்றது. மகள் ஓடிப்போய் நாத்தனார் மடியிலிருந்த பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சாமி மொகத்தத் திருப்பிக்குச்சு" என்றார் பூசாரி. "ஊட்டுல என்னமோ கொறை இருக்குது. மனசுல இருக்கறத இங்கயே எறக்கி வெச்சுப்போடு ஆத்தா. புள்ளைக்காவச் சொல்லிப்போடு."

எனக்கு நாக்கின் நுனிவரை வந்தது. 'சாமி திரும்பிக்கொள்ளவில்லை பூசாரி, இது பிராய்லர் பெட்டைக்குப் பிறந்தது, இதனால் எழுந்து நிற்கக்கூட முடியாது' என்று ஒரு வரி. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் கோழி வாங்குகிறவர்கள் ஆறேழு பேர் அங்கே நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா திறந்தார். பிள்ளையைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். முந்தானையை இழுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, சிரிப்பே இல்லாத அதே குரலில் சொன்னார். "என்ற மாமியா படுத்துக் கெடந்தப்போ, நான் வேலைக்குப் போறன்னைக்கெல்லாம் தண்ணி கொறைச்சுத்தான் வெச்சுட்டுப் போவனுங்க. நெறையாக் குடிச்சா நனைச்சுப்போடும், வந்து அலசறதுக்கு என்ற ஒடம்புல தெம்பு இருக்காது. தண்ணி, தண்ணின்னு கேக்கும். பொறகு தாரேன், பொறகு தாரேன்னு சொல்லிப்போட்டுப் போயிருவேன். அந்தச் சித்திரையிலதான் அது போச்சு. இத நான் ஆருகிட்டயும் சொன்னதில்லீங்க சாமி. என்னைய என்ன வேணாச் செய்யி. புள்ளைய உட்டுரு."

பூசாரி சொம்பிலிருந்த தண்ணீர் முழுவதையும் சேவலின் தலைமேல் கவிழ்த்தார். மூக்கில் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். அது எழுந்திருக்கப் பார்த்தது. கால் வழுக்கி, மார்பு மண்ணில் இடித்து, உடம்பு ஒரு தடவை வெட்டி இழுத்தது. "துலுக்கீருச்சு! துலுக்கீருச்சு!" என்று கூட்டம் கத்தியது. பெண்கள் குலவையிட்டார்கள். மகள் விம்மினாள். அக்கா அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டார். எனக்கு அது துலுக்கல் இல்லை என்று தெரியும். அந்த அறிவை வைத்துக்கொண்டு நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நாத்தனார் கும்பிடவில்லை. செத்துப்போனது அவரைப் பெற்ற தாய். ஜமக்காளத்தை அப்படியே விட்டுவிட்டு, சாப்பிடாமல் பேருந்து நிற்கும் திசையில் நடந்தார். "அண்ணி, அண்ணி" என்று அக்கா பாதித் தூரம் பின்னால் ஓடி, பிறகு நின்றுவிட்டார். திரும்பி வந்து சமையலுக்கு உட்கார்ந்தார். வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டுமே. சாமிச்சேவலைத் தனிச் சட்டியில் வேகவைத்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே கறி எலும்பை விட்டுக் கழன்றது. கரண்டி பிடித்த அம்மா, "நாட்டுச்சேவன்னா ரெண்டு தடவ வெறகு தள்ளோணும். இது பண்ணைக்கோழியாட்ட இத்தன சுருக்கா வெந்துருச்சு!" என்று ஆச்சரியப்பட்டார். அடுப்புப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "சாமி ஏத்துக்கிட்டதுங்க. அதான்." என் இலையிலும் இரண்டு துண்டு விழுந்தது. சாப்பிட்டேன்.

என் வீட்டுக்காரியும் என்னோடு கோயிலிலிருந்து திரும்பி நடந்தாள். வீட்டுப் படியேறும்போது, "ஊருக்கெல்லாம் நாயம் பேசற வாயி, இன்னைக்கு எங்கீங்க போச்சு?" என்றாள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. என்னவோ சொல்லியிருப்பேன், சொல்லாமல் இருக்கிறவன் இல்லை நான்.

அதன் பிறகு அக்காவுக்கு எங்கள் தெருவில் ஒரு பெயர் வந்தது. எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்: 'தண்ணி குடுக்காதவ'. குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "நல்லா நெறையாப் புடிங்க அம்மிணி, ஊட்டுல ஆருக்காச்சும் தவிச்சுட்டு இருக்கும்" என்பாள். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போவார். வார்த்தைக்கு வார்த்தை பதில் வைத்திருந்தவர் அவர். நாளடைவில், எல்லோரும் பிடித்து முடித்துக் கலைந்த பிறகு மதியத்தில் தனியாக வந்து பிடிக்க ஆரம்பித்தார். பவானிக்கு இரண்டு முறை போனார் என்றும், நாத்தனார் வீட்டுக் கதவு திறக்கவில்லை என்றும் மகள் மூலம் தெரிந்தது. நான் எழுதிவைக்கிற மாதிரி ஒரு பேச்சும் அதன் பின் அவரிடமிருந்து வரவில்லை. நானும் அவர் முன்னால் போய் அதிகம் நிற்கவில்லை.

நாலைந்து வருடம் கழித்து அந்தச் சாக்குப் படுதாவை அவிழ்த்துப் போட்டேன். வீரம் ஒன்றும் இல்லை. சாக்கு மக்கிப்போனது, புதிது தைக்க மனது வரவில்லை. வாங்க வருகிறவர்களிடம் கலப்பினக் கோழி என்றே சொன்னேன். பயந்துகொண்டுதான் சொன்னேன். "அதனால என்னங்க, கறி நல்லாருக்குதில்ல" என்று சொல்லிவிட்டு, எப்போதும்போல வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. இதற்காகவா அன்றைக்கு வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். அதிலும் ஒரு கள்ளம் இருந்தது: இப்போதுதான் கலப்பினத்துக்கு மாறியவன்போல அவர்களிடம் பேசினேன். பழைய சேவல்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒருவரிடம் சொல்ல மேலும் இரண்டு ஆடி கடந்தது.

போன ஆடியில் ஒரு சாயங்காலம் தெருவைத் தாண்டிப் போனேன். பன்னிரண்டு அடித் தெரு. அக்கா வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். பேரன் ஆடிப்பெருக்குக்கு வந்திருந்தான். ரெண்டாம் வகுப்பு, நல்ல திடமான பையன், உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைப் பெட்டைகளைச் சொன்னேன். சேவல் ஏன் உட்கார்ந்தது என்று சொன்னேன். கடைசியில் அது உதறியது ஏன் என்றும் சொன்னேன். மிச்சம் வைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று வந்தவன் அல்லவா. சொல்லச் சொல்ல என் மனது லேசாகிக்கொண்டே வந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

அக்காவின் கை வெங்காயத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தியதும் அதுவும் நின்றது.

"அப்பறம் அது சேவக் குத்தமுங்களா தம்பி?"

"எங்குத்தமுங்க அக்கா. பவானிக்கு நானே வாரனுங்க. உங்க நாத்தனாரு முன்னால நின்னு சொல்லிப்போடறேன். கால்ல உழுவச் சொன்னாலும் உழுவறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க? சேவ பொய்யின்னு சொல்லுவீங்க." அரிவாள்மணையை மெதுவாகத் தள்ளிவைத்தார். "நான் தண்ணி கொறைச்சு வெச்சது பொய்யிங்களா?"

திட்டுவார், கதவைச் சாத்துவார், அழுவார் என்றெல்லாம் வழியில் கணக்குப் போட்டிருந்தேன். அவர் எதையும் செய்யவில்லை. வெங்காயத் தாள் ஒட்டியிருந்த உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தனக்குள் பேசுகிறவர்போலச் சொன்னார்.

"ஊரு என்ன வேணாலும் சொல்லீட்டுப் போவட்டும்னு இருந்தனுங்க. நான் சொன்ன பொறவுதான அது துலுக்குச்சு. சாமி கேட்டுக்கிச்சு, அந்தக் கெழவியும் கேட்டுக்கிச்சு, செரி போ அம்மிணின்னு உட்டுருச்சுன்னு நெனச்சேன். அன்னைக்கு ராத்திரிதானுங்க பல வருசம் கழிச்சு நான் முழுசாத் தூங்குனேன். இத்தன வருசம் அந்த ஒண்ண வெச்சுத்தான் இந்தத் தெருவுல நடமாடீட்டு இருந்தேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுவும் இல்லீங்களா, தம்பி?"

உள்ளே டிவியில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. இருக்கிறது என்று சொன்னால் அவருக்கு நான் சொல்லும் இரண்டாவது பொய் ஆகும். இல்லை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? "தெரியலீங்க அக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அறுத்த வெங்காயத்தை முறத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு, எப்போதும் போன்ற மரியாதையோடு, "பொழுது உழுவுதுங்களே. போயி உங்க கோழிகளுக்குத் தீனி வெய்யுங்க" என்றார்.